எழுந்து நிற்காத மனிதர்

நவம்பர் மாதம் 11ஆம் நாளை அமெரிக்க நாட்டினர் படைவீரர் நாளாகக் கொண்டாடுகின்றனர். 2022ஆம் ஆண்டில் அந்நாளுக்கு முந்திய ஞாயிறன்று, டெக்சாஸ் மாநிலத்தில் எங்கள் மகள் வாழும் ஊரின் ஆலயத்தில் நாங்கள் திருப்பலி கண்டுகொண்டிருந்தோம். இறுதி ஆசிக்கு முன், படையில் பணியாற்றியோர் அனைவரும் எழுந்து நிற்குமாறு பங்குத்தந்தை அழைத்தார். ஆங்காங்கே நரைத்த தலைகள் எழுந்தன. மக்கள் கை தட்டினர். எங்கள் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் மட்டும் தம் கையிலிருந்த பாடல் ஏட்டைப் பார்த்தபடியே இருந்துவிட்டார்.

எங்களைப் பற்றி இங்கு ஒரு சொல் கூறவேண்டும். எங்களில் ஒருவர் 24 ஆண்டுகள் இந்தியத் தரைப்படையில் எழுத்தராகப் பணியாற்றி அவில்தாராக ஓய்வு பெற்றவர். மற்றவர் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். மகளுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி. ஆதலால் ஞாயிறுதோறும் எங்களைக் காரில் ஏற்றிச் செல்பவர் பக்கத்து வீட்டுக்காரராகிய இம்மனிதரே. 73 வயதினர், குழாய் வேலை செய்து குடும்பம் நடத்தியவர். எங்கள் ஊர் வயல்களைப் பற்றி ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது, தாமும் 1969ஆம் ஆண்டு முழுவதும் வியட்நாமில் நெல்வயல்களின் ஊடே துப்பாக்கியுடன் நடந்ததாகக் கூறியிருந்தார். அவில்தாரை அவர் 'சார்ஜென்ட்' என்றே அழைப்பார்.

அன்று திரும்பும் வழியில், கேட்டிருக்கக் கூடாததை நாங்கள் கேட்டுவிட்டோம். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைக்காமலே நெடுநேரம் இருந்தார். பிறகு, "சார்ஜென்ட், என் சான்றில் 'விரும்பத்தகாதவர்' என்று எழுதியிருக்கிறது" என்றார்.

நம் நாட்டிலும் படையிலிருந்து வருவோரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நடத்தையைக் குறிக்கும் ஒரு வரி உண்டு. அமெரிக்காவில் அவ்வரி இன்னும் கனமானது. மதிப்புடன் விடுவிக்கப்பட்டவர், பொதுநிலையில் விடுவிக்கப்பட்டவர், மதிப்புக் குறைந்த நிலையில் விடுவிக்கப்பட்டவர் என்பன நிர்வாக முறையில் வழங்கப்படுவன. அவற்றுக்கும் கீழே, படைநீதிமன்றத் தண்டனையாக வருவன இரண்டு. மதிப்புக் குறைந்த நிலைக்கு அக்காலத்தில் வழங்கிய பெயரே 'விரும்பத்தகாதவர்' என்பது. அச்சொல்லைச் சுமந்தவருக்கு அரசின் மருத்துவ உதவியும், வீட்டுக்கடனும், இறந்தபின் தேசியக் கல்லறையில் ஆறடி இடமும் ஐயத்திற்குரியவை ஆகிவிடும். வேலைக்குப் போகும் இடத்திலெல்லாம் அத்தாளைக் கேட்பார்கள்.

அவர் செய்த குற்றம் என்ன? போர்முனையிலிருந்து 1970இல் திரும்பியவரை, மீதிக் காலத்தைக் கழிக்க உள்நாட்டு முகாம் ஒன்றில் இருத்தினர். உறக்கம் வரவில்லை. அணிவகுப்பில் ஒருநாள் லாரி ஒன்று வெடியோசை எழுப்ப, இவர் தரையில் குப்புற விழுந்து கிடந்தார். சுற்றி நின்றோர் சிரித்தனர். அனுமதியின்றி வீட்டுக்குப் போய் 40 நாள் இருந்துவிட்டு வந்தார். மீண்டும் போனார், இம்முறை ஐந்து மாதம். 1971இல் ஓர் அதிகாரி இரு வழிகளைக் காட்டினார்: படைநீதிமன்றத்தை எதிர்கொள், அல்லது அதற்கு ஈடாக இந்தத் தாளில் கையொப்பமிட்டு வீட்டுக்குப் போ. 22 வயது இளைஞர் எதைத் தேர்வார்? கால் மணி நேரத்தில் முடிந்ததாம். "ஆறு மாதத்தில் இது தானாகவே நல்ல சான்றாக மாறிவிடும்" என்று வாயிலில் யாரோ சொன்னதையும் நம்பினார். அப்படி ஒரு சட்டம் என்றுமே இருந்ததில்லை. ஆனால் அப்பொய் அந்நாட்டுப் பாசறைகளில் தலைமுறை தலைமுறையாக உலவி வருகிறது.

உண்மையில் தானாக எதுவும் மாறாது; கேட்டால்தான் மாறும். 1944ஆம் ஆண்டுச் சட்டத்தால் படைகளில் மறுஆய்வுக் குழுக்கள் ஏற்பட்டன. விடுவிப்பு நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் அவற்றிடம் விண்ணப்பிக்கலாம். இவருக்கு அக்கதவு 1986இல் மூடிவிட்டது. அதன்பின் எஞ்சுவது ஆவணத் திருத்தக் குழு. அதற்கும் மூன்றாண்டு வரம்பு உண்டெனினும், நீதியின்பொருட்டு அவ்வரம்பைத் தளர்த்த அக்குழுவுக்கு அதிகாரம் உண்டு.

காலமும் மாறியிருந்தது. போரின் அதிர்ச்சி உள்ளத்தில் தங்கி வருத்தும் நோய்க்கு இன்று வழங்கும் பெயர், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இடம்பெற்றது 1980இல்தான். அந்நோயால் தவறியோரின் விண்ணப்பங்களைத் தாராள மனத்துடன் நோக்கவேண்டுமெனப் பாதுகாப்புத்துறை 2014இல் பணித்தது. 2017இல் வந்த விளக்கம் நான்கு கேள்விகளை வகுத்தது: அத்தகைய நோயோ துன்ப அனுபவமோ இருந்ததா? பணிக்காலத்தில் இருந்ததா? அது தவற்றின் கடுமையைக் குறைக்கிறதா? சான்றில் எழுதிய வரியை மாற்றும் அளவுக்கு அது எடையுள்ளதா? விண்ணப்பிப்பவரின் சொந்த வாக்குமூலமே சான்றாக நிற்கலாம் என்றும் அவ்விளக்கம் கூறியது. 1971இல் எந்த மருத்துவரும் பார்த்து எழுதிவைக்காத ஒருவருக்கு இது எத்துணைப் பெரிய வாசல்!

இவற்றையெல்லாம் மகளின் கணினியில் படித்துவிட்டு, மகிழ்ச்சியோடு அவரிடம் ஓடினோம். அவர் மகிழவில்லை. "வாஷிங்டன் சுவரில் 58,000க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவற்றுள் சிலரை நான் அறிவேன். அவர்கள் எந்தக் குழுவுக்கும் எழுத முடியாது. நான் ஓடிப்போனவன். இப்போது சாக்குச் சொல்லச் சொல்கிறீர்களா?" என்றார். அதற்கு மறுமொழி கூற எங்களால் இயலவில்லை, இன்றும் இயலாது.

மேலும் ஒரு முடிச்சு இருந்தது. மனைவியிடம் அவர் வேறு கதை சொல்லியிருந்தார். 1973ஆம் ஆண்டு ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரில் படைவீரர் ஆவணக் காப்பகம் தீப்பற்றி, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. தம் தாள்களும் அத்தீயில் போயின என்று கூறி, மணவாழ்வின் 45 ஆண்டுகளையும் கடத்திவிட்டார். எழுத்தர் புத்தி சும்மா இருக்குமா? அத்தீயில் அழிந்த தரைப்படைக் கோப்புகள் 1912 முதல் 1960 வரை விடுவிக்கப்பட்டோருடையவை என்று எங்களில் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். 1971இன் கோப்பு பத்திரமாக இருக்கும் என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார் போலும், தலைகுனிந்தார்.

அன்றிரவு எங்கள் வீட்டிலும் உறக்கமில்லை. நம் படையில் சிவப்பு மைப் பதிவு என்று ஒன்று உண்டு. அத்தகைய தண்டனைப் பதிவுகள் நான்கு சேர்ந்தால், விளக்கம் கேட்டுப் பணியிலிருந்து நீக்கலாம். எழுத்தராயிருந்த காலத்தில், விடுப்பு முடிந்தும் காலந்தாழ்த்தித் திரும்பும் ஓர் இளைஞனுக்கு அந்த நான்காவது பதிவையும், பின்னர் நீக்க ஆணையையும் தட்டச்சு செய்த கை இந்த வீட்டில்தான் இருக்கிறது. அவன் ஏன் காலந்தாழ்த்தினான் என்று கேட்கவேண்டுமென அக்கைக்குத் தோன்றவில்லை. அது எழுத்தரின் வேலையன்று. பதிவு நான்கு இருப்பது மட்டுமே போதாது, அவன் உழைத்த கடினமான இடங்களையும் எண்ணிப்பார்த்தே நீக்கவேண்டுமென 2015இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறையிட இன்று நமக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உண்டு. அது செயற்படத் தொடங்கியது 2009இல். அவ்விளைஞனுக்கு இவை எட்டினவோ, அறியோம். பெயர் நினைவிருக்கிறது, முகம் நினைவில்லை.

இதை மறுநாள் அவரிடம் மறைக்காமல் சொன்னோம். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் கேட்டது ஒன்றே: "நான் சொன்னால் நீங்கள் எழுதுவீர்களா?"

ஆனால் அதற்குமுன் மனைவியிடம் சொல்லவேண்டும். சொன்னார். அந்த அம்மையார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எங்களிடம் வந்து கொட்டித் தீர்த்தார். அவர் சினம் 'விரும்பத்தகாதவர்' என்ற சொல்லின்மீது அன்று. 20 ஆண்டுகள் வாடகை வீட்டில் பிள்ளைகளை வளர்த்தோமே. கதவு திறந்திருந்த காலத்தில் ஒரு முறையேனும் தட்டிப் பார்த்திருக்கலாமே என்பதே அவர் வழக்கு. எங்கள் முன்னிலையில் கணவரை நன்றாகத் திட்டினார். திட்டி முடித்தபின் தாளும் பேனாவும் கேட்டார். படுக்கையறையில் விளக்கை அணைக்க ஒருநாளும் விடாத கணவரைப் பற்றி, கதவைப் பார்த்தபடிதான் உணவகத்தில் உட்காருவார் என்பதைப் பற்றி, அவர் எழுதித் தந்த இரண்டு பக்கங்களைவிடச் சிறந்த சான்று அந்தக் கோப்பில் இல்லை என்பது எங்கள் துணிபு.

கணவரின் வாக்குமூலத்துக்கு ஐந்து வாரம் ஆயிற்று. மாலைகளில் அவர் சொல்வார், ஆசிரியை எழுதுவார். மொழியை அழகுபடுத்த முனைந்தபோதெல்லாம் அவர் தடுத்தார். "பயந்தேன்" என்றால் "பயந்தேன்" என்றே இருக்கவேண்டும். ஓடிப்போனதை மென்மையாக்கவும் விடவில்லை. உடனிருந்த வீரர் ஒருவர் ஒகையோவிலிருந்து கடிதம் அனுப்பினார். பங்குத்தந்தை, 30 ஆண்டுகளாக ஆலயத்தின் குழாய்களைக் கூலி வாங்காமல் பழுதுபார்த்தவர் இவர் என்று எழுதினார். நல்வாழ்வு வாழ்ந்த ஆண்டுகளையும் கருணைக்குரிய காரணமாகக் கொள்ளலாமென 2018இல் ஒரு வழிகாட்டுதல் வந்திருந்தது. முன்னாள் வீரர்களுக்கு உதவும் மாவட்ட அலுவலர் கட்டணமின்றிப் படிவத்தைச் சரிபார்த்தார். 2023 மார்ச்சில் அஞ்சலில் சேர்த்தோம். ஏப்ரலில் ஊர் திரும்பினோம்.

முடிவு வர ஒன்றரை ஆண்டு கடந்தது. 2024 அக்டோபரில் மகள் தொலைபேசியில் படித்துக் காட்டினாள். முழு மதிப்புடன் விடுவிப்பு என்பதைக் குழு தரவில்லை. ஐந்து மாதத் தலைமறைவு அவர்களுக்குப் பெரிதாகவே பட்டிருக்கிறது. 'மதிப்புக்குரிய நிலையில், பொது விடுவிப்பு' என்று மாற்ற ஆணையிட்டிருந்தனர். அதுவே நியாயம் என்றாராம் அவர். அம்மையார் ஒப்பவில்லை, இன்னும் ஒப்பவில்லை.

அந்த நவம்பரிலும் பங்குத்தந்தை அழைத்தபோது அவர் எழவில்லை என்று மகள் வருத்தப்பட்டாள். காரணம் கேட்டதற்கு, ஆணைதான் வந்திருக்கிறது, புதிய சான்று இன்னும் கைக்கு வரவில்லை என்றாராம். எங்களில் எழுத்தராயிருந்தவர் அவர் செய்தது சரியே என்றார்.

புதிய சான்று 2025 ஜனவரியில் வந்தது. அதன் படத்தை மகள் அனுப்பினாள். கண்ணாடியை அணிந்துகொண்டு பெயரின் எழுத்துகளையும், பணியில் சேர்ந்த நாளையும், விடுபட்ட நாளையும், இறுதியாக அந்த வரியையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். பிழை ஏதும் இல்லை.