கோல்ப் ஆட்டத்திற் சிறிய அடியின் பெருமை

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது கல்லூரிக்கால நினைவுகளையே எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுத வல்லார் பலர் உளர். நானோ ஒரு விளையாட்டின் மிகச் சிறிய அடியைப் பற்றி எழுதத் துணிகின்றேன். நம் மைதானத்திற் காற்பந்தும் கிரிக்கெட்டும் ஆடியோர்க்குக் கோல்ப் அந்நியமாகத் தோன்றலாம். ஆயினும், சீனக்குடாவில் விமானப்படையினர் நடத்தும் ஈகிள்ஸ் கோல்ப் திடல் நமக்கு அண்மையிலேயே உள்ளது. உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்று ஊர் திரும்பியபின் நான் ஆடிவருவது அங்கேதான்.

இவ்வாட்டத்திற் பந்தைப் பறக்கவிடும் அடிகள் ஒருவகை. குழியைச் சூழ்ந்து ஒட்டக் கத்தரித்த புற்றரையிற் பந்தை உருட்டும் அடி மற்றொருவகை. பின்னதைப் 'பட்' என்பர்; அதற்குரிய தட்டைமுகக் கோல் 'பட்டர்' எனப்படும். காண்போர் கைதட்டுவது பறக்கும் பந்துக்கே. கணக்கோ வேறு. 18 குழிகளுக்கு 72 அடிகள் என வகுத்த திடலில், குழிக்கு இரண்டாக 36 அடிகள் உருட்டுவதற்கே உரியன. 200 யார் பறந்த அடியும் ஒன்று. இரண்டடி உருண்ட அடியும் ஒன்று.

எழுபதாம் வயதில் என் தோள் நோயுற்றது. நெடுந்தூர அடி பாதியாகக் குறைந்தது. ஆட்டத்தை விட்டுவிடுவதே தகும் என்றனர் வீட்டார். திடலிற் கழியும் காலைப்பொழுதையும் நண்பர் கூட்டத்தையும் இழக்க மனம் ஒப்பவில்லை. தோள்வலிமை வேண்டாத அடியொன்று உண்டே என்றெண்ணி, அதனை முறையாகப் பயிலலானேன்.

முதற்பாடம், திசையினும் தூரமே பெரிது என்பது. குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம். 1891 முதல் விதிநூல் வகுத்த அளவு அது. விரைந்து வரும் பந்துக்கு அக்குழி சுருங்கிவிடும். பந்து விளிம்பைத் தொட்டு வெளியே ஓடும். மெல்ல வரும் பந்துக்கு முழுவாயும் திறந்திருக்கும். ஆனாற் குழியை எட்டாத பந்து ஒருபோதும் விழாது. ஆகவே, தவறினாலும் குழியைத் தாண்டி ஒன்றரை அடிக்குள் நிற்கும் வேகமே நல்வேகம். சிறுவயதிற் போளையடித்தோர் இதனை அறிவர்: கண் குழியிலிருக்கும், தூரத்தைக் கை அறியும். வீட்டு விறாந்தையில் 5, 10, 15 அடித் தூரங்களிற் சிரட்டைகளை வைத்து, பந்து அவற்றைத் தொட்டு நிற்குமாறு நாள்தோறும் உருட்டினேன்.

இரண்டாவது, கோலின் முகம். தொடும் கணத்தில் அம்முகம் எத்திசை நோக்குகிறதோ, பெரும்பாலும் அத்திசையிலேயே பந்து புறப்படும். பந்துக்கு ஓரடி முன்னே, அது நுழையுமளவு இடைவிட்டு இரு நாணயங்களை வைத்துப் பயிலலாம். தலை அசையலாகாது. பந்து விழும் ஓசையைக் கேட்டபின் நிமிர்வதே நன்று.

மூன்றாவது, நிலத்தை அறிதல். பரம்படித்த வயலில் நீர் எப்பக்கம் ஓடும் என்பதை இலங்கைத்துறைப் பக்கத்து உழவர் பார்வையாலேயே அறிவர். புற்றரையில் ஒரு குடம் நீரை ஊற்றினால் அது சாயும் பக்கமே பந்தும் சாயும். மேலும், வெப்பநாட்டுப் புற்றரைகள் பலவற்றில் வளர்வது ஆங்கிலேயர் 'பெர்மியுடா' என்னும் புல்லினம். நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகே அது! அறுகு படர்ந்து ஒருபக்கம் சாயும். குழியை நோக்குகையிற் புல் பளபளத்தாற் பந்து விரையும். கருமையாகத் தோன்றினால் தடைப்படும்.

இவற்றோடு மனவமைதியும் வேண்டும். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரரே எட்டடித் தூரத்தில் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்றுதான் வீழ்த்துகின்றனர். இருபதடியில் ஏழுக்கு ஒன்று. இதனை அறிந்தவன் தவறிய பந்துக்காக வருந்தான். தொலைவிலிருந்து அருகே சேர்த்தலும், அருகிலிருப்பதைத் தவறவிடாமையுமே அவன் இலக்கு.

ஓராண்டில் என் உருட்டல்கள் 41இலிருந்து 36க்கு இறங்கின. இளைஞர் பந்து இன்றும் என் பந்தை நூறு யார் முந்திச் செல்கின்றது. புற்றரையை அடைந்ததும் அவர்களும் நானும் சமமாகின்றோம். சிலவேளைகளில் அவர்கள் காத்து நிற்கின்றனர்.

மாணவத் தம்பிமாரே, வாய்ப்புளதேற் சீனக்குடாவுக்கு வாருங்கள். முதலில் இக்கிழவனைப் புற்றரையில் வெல்லுங்கள்; நெடுந்தூர அடியைப் பற்றிப் பிறகு பேசலாம்.