தேய்மானக் கணக்கு

"ரங்கநாதன் தெரு பக்கம் போனா எனக்கு ஒரு க்யூடெக்ஸ் வாங்கிட்டு வாடா. சிவப்பு வேணாம்."

அம்மா இதைச் சொன்னபோது நான் ராசிபலன் படித்துக்கொண்டிருந்தேன். 'எதிர்பாராத செலவு' என்று போட்டிருந்தது. அம்மாவுக்கு வயது 66. அப்பா போய்ப் பதினைந்து வருடமாகிறது. அதற்கப்புறம் அம்மா கையில் மருதாணிகூட நான் பார்த்ததில்லை.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

"என்ன கலர்?"

"அதான் சொன்னேனே, சிவப்பு வேணாம். வேற எதுன்னாலும் சரி. சீக்கிரம் உரியக் கூடாது. நாலு பாத்திரம் தேய்ச்சா போயிடுதுன்னு பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்றா."

பி.காம். படித்தவனிடம் போய்த் 'தேயாத சாமானாப் பார்த்து வாங்கு' என்று சொன்னால் என்ன ஆகும்? தேய்மானம் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே எனக்குக் கை பரபரக்கும். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டையில் ரயில் ஏறிவிட்டேன்.

மாம்பலத்தில் இறங்கினால் இப்போது தரையைத் தொடாமலே தி.நகர் பஸ் ஸ்டாண்டு போய்விடலாம். 2023 மே மாதம் திறந்த நடைமேம்பாலம், சுமார் 570 மீட்டர். மேலே காற்று வாங்கியபடி நடக்கலாம். ஆனால் பாருங்கள், ரங்கநாதன் தெருவில் முழங்கை இடிபடாமல் தி.நகர் போய்ச் சேர்ந்தால் ஏதோ டிக்கெட் இல்லாமல் வந்த மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி!

உஸ்மான் ரோடு, பனகல் பார்க் எல்லாம் தாண்டிப் பாண்டி பஜார். சௌந்தரபாண்டியன் பெயரால்தான் 'பாண்டி' என்று ஒரு கட்சி, பாண்டிச்சேரி வியாபாரிகளால்தான் என்று மறு கட்சி. அரசாங்கக் காகிதத்தில் அது தியாகராயா சாலை. நடைபாதைக் கடைகளை 2013-ல் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். 2019-ல் நடைபாதையை அகலமாக்கி, உட்கார இருக்கையும் போட்டார்கள். ஷாப்பிங் வந்த மனைவிகளுக்காகக் காத்திருக்கும் கணவன்மார்கள் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் பை. யாரும் யாருடனும் பேசவில்லை.

ஏ.சி. போட்ட பெரிய கடை ஒன்றில் நுழைந்தேன். விற்பனைப் பெண் பிளாஸ்டிக் நகங்களை விசிறி மாதிரி விரித்தாள். "வொய்ஃபுக்கா சார்?"

"அம்மாவுக்கு."

விசிறி டக்கென்று மூடிக்கொண்டது. "ஆன்ட்டிக்குன்னா மெரூன்தான் சார் எடுப்பா இருக்கும்." சிவப்பு வேண்டாம் என்றேன். ரோஸ் காட்டினாள். அதுவும் வேண்டாம் என்றேன். என்னையே வேண்டாம் என்பது போல் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டாள்.

திரும்பி நடந்து ரங்கநாதன் தெருவுக்குள் புகுந்து, ஜனங்கள் தள்ளிய திசையில் ஒரு சந்தில் ஒதுங்கினேன். அங்கே ஒரு அம்மாள், மரப்பெட்டி மேல் தெர்மோகோல் அட்டை வைத்து, அதில் சீசா சீசாவாகக் குத்தி நிறுத்தியிருந்தார்.

"யாருக்குண்ணே?"

"அம்மாவுக்கு."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "சிவப்பு வேணாம்னாங்களா?"

"ஆமாக்கா, எப்படித் தெரியும்?"

"என்கிட்ட வர்ற பெரியம்மாங்க பாதிப் பேரு அப்படித்தாண்ணே கேப்பாங்க. செவப்பு போட்டா ஊர் வாய் சும்மா இருக்காது. யானைக் கலரு, மயில் கழுத்து... இதுக்கெல்லாம் எவன் சட்டம் எழுதி வெச்சிருக்கான்?"

சுரீர் என்றது. அம்மா 'சிவப்பு வேணாம்' என்றதை நான் ஏதோ ருசி விஷயம் என்று நினைத்துவிட்டேன். காபியில் சர்க்கரை வேண்டாம் என்பது மாதிரி.

மயில் கழுத்து, நாவல்பழம், யானைக் கலர், பூசணிப்பூ மஞ்சள், ஜிகினா. ஒரு சீசா 30 ரூபாய் வீதம் ஐந்து எடுத்தேன். அஞ்சு ரூபாய் குறைக்கச் சொன்னேன். "கட்டாதுண்ணே" என்று முடித்துவிட்டார்.

(நீல நகம் நம் ஊர்ப் பாட்டிகளுக்கு மட்டும் கைகொடுக்கவில்லை. 1995-ல் லாஸ் ஏஞ்சலீஸில் டினே மொஹாஜர் என்ற மாணவி, தன் செருப்புக்கு மேட்சாக வெளிர்நீலத்தைத் தானே கலந்து பூசிக்கொண்டார். பார்த்தவர்கள் எல்லாம் கேட்க, அதுவே 'ஹார்ட் கேண்டி' என்ற கம்பெனி ஆனது.)

எது உழைக்கும் என்று பூசிப் பார்த்தால்தானே தெரியும்? பூசினேன். என் கையில்தான்! இடது கை, கட்டை விரலில் தொடங்கி வாங்கிய வரிசையிலேயே.

மறுநாள் டீக்கடையில் ஒருவர் என் ஆள்காட்டி விரலைப் பார்த்து, "என்ன சார், உங்க ஏரியாவுல எலெக்‌ஷனா?" என்றார். அப்புறம் பக்கத்து விரல்களைப் பார்த்துவிட்டு டீயை மடமடவென்று குடித்துக் கிளம்பிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1962 பொதுத்தேர்தலிலிருந்து மைசூர் பெயிண்ட்ஸ் கம்பெனி செய்து தரும் மை அது. சில்வர் நைட்ரேட் சமாசாரம், வெயில் பட்டதும் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆம்பளைங்க நகத்தில் பூசிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திப் போட்டோ எடுத்துக்கொள்வது அது ஒன்றைத்தான்.

வாரம் இரண்டு நாள் நான் கணக்கு எழுதப் போகும் ஆடிட்டர் ஆபீசில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு ஆடிட்டர் மட்டும் மெதுவாக வந்து, "கிளையன்ட் வராங்க. இடது கையைக் கொஞ்சம் மேஜைக்குக் கீழ வெச்சுக்கறீங்களா?" என்றார்.

மூன்று நாள் ஆகியும் ஐந்தும் அப்படியே இருந்தன. அப்போதுதான் உறைத்தது, என் இடது கை ஒரு வேலையும் செய்வதில்லை! எல்லாவற்றையும் அழித்துவிட்டு வலது கைக்கு மாற்றினேன். கூடவே ஒரு வாரம் வீட்டுப் பாத்திரம் முழுக்க நானே தேய்ப்பது என்று முடிவு. மனைவி இந்த ஆராய்ச்சிக்கு முழு ஆதரவு தந்தாள். இன்னொரு வாரம் நீட்டித்தால்கூட நல்லது என்றாள்.

பூசணிப்பூ மஞ்சள் முதல் நாளே தோல்வி. ஒரு கோட் அடித்தால் கோடு கோடாகத் தெரிகிறது, மூன்று அடித்தால் காய்வதில்லை. இரண்டாம் நாள் பாலாடை மாதிரி முழுசாகக் கழன்றது. சாம்பார்க் கரண்டியில் கிடைத்தது. (வீட்டில் இன்னும் சொல்லவில்லை.) நாவல்பழம் பார்க்க ஜோர். ஆனால் அடர்த்தியான கலரில் நுனி ஒரு நூல் தேய்ந்தாலும் வெள்ளைப் பிறை போலப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கிறது. யானைக் கலரும் தேய்கிறது, நகத்தோடு நகமாகக் கலந்து வெளியே தெரிவதில்லை. ஐந்து நாள் தாங்கியது.

ஜிகினா இருக்கிறதே, அது அழியா வரம் பெற்றது. ஸ்டீல் நார் தோற்றது. ரிமூவரில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, மேலே அலுமினியத் தாள் சுற்றிப் பத்து நிமிஷம் தவம் கிடந்தால்தான் இறங்குகிறது. சொத்தை ஒழிக்க ஆகிற செலவு வாங்கின விலையைவிட அதிகம்!

மயில் கழுத்துதான் மனசைக் கெடுத்தது. அப்படி ஒரு அழகு. நாலாம் நாள் காலை ஓரம் உடைந்தது. அழித்தால் நகமெல்லாம் பச்சையும் நீலமுமாகக் கறை. முதலில் நிறமில்லாத ஒரு பேஸ் கோட் அடிக்காத பாவம். நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். கட்டை விரல் சுத்தமாக அரை வருஷம் ஆகும்.

நேர்கோட்டு முறையில் தினம் கொஞ்சமாகத் தேயும் என்று நினைத்து நோட்டில் கட்டம் போட்டிருந்தேன். ம்ஹூம். மூன்று நாள் ஒன்றுமே ஆகாது, நாலாம் நாள் மொத்த மதிப்பும் போய்விடும். காரணம் தண்ணீர். பாத்திரம் தேய்க்கும்போது நகம் தண்ணீரைக் குடித்து உப்புகிறது, காய்ந்ததும் சுருங்குகிறது. மேலே இருக்கும் பூச்சுக்கு அந்த நெளிவு சுளிவு தெரியாது, விரிசல் விடுகிறது. அது நைட்ரோசெல்லுலோஸ், 1920-களில் காருக்கு அடித்த பெயிண்டின் ஒன்றுவிட்ட தம்பி. கார் உப்பிச் சுருங்குவதில்லையே! மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் நன்றாகக் காயவிட்டு, நகத்தின் நுனி விளிம்பிலும் ஒரு இழுப்பு இழுத்தால் இரண்டு நாள் கூடுதலாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் நோட்டை விரித்தேன். "யானைக் கலர்தாம்மா. தேய்ஞ்சாலும் தெரியாது."

அம்மா நோட்டைப் பார்க்கவே இல்லை. என் கட்டை விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன கலர்?"

"அது வேணாம்மா. நாலு நாள்ல உடையும், கறை வேற."

"நாலு நாளைக்கு ஒரு தரம் போட்டுக்கறேன். எனக்கு என்ன, ஆபீசா?"

முதலில் கால் விரல்களில் மட்டும் போட்டுக்கொண்டாள். புடவை மறைத்துவிடும் என்ற தைரியம். சித்தி வந்த அன்று மறைக்கவில்லை.

"என்னக்கா இது, கால்ல?"

"க்யூடெக்ஸ்."

"இந்த வயசுலயா? அதுவும் நீ..."

"சிவப்பு இல்லையே. நீலம்தானே?"

சித்தி வாயைத் திறந்தாள். நீலத்துக்கு என்ன சம்பிரதாயம் என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பாவம், ஒன்றும் அகப்படவில்லை. காபியைக் குடித்துவிட்டு மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

போன வாரம் மறுபடி அந்தச் சந்துக்குப் போனேன். ஒரு மயில் கழுத்து, ஒரு பேஸ் கோட் என்றேன். அந்த அம்மாள் காகிதத்தில் சுற்றியபடியே கேட்டார்.

"கால்லதானே போட்டுக்கறாங்க?"

"இல்லக்கா. இப்ப கையில."

நிமிர்ந்து பார்த்தார். நான் கேட்கவே இல்லை, அவராகவே அஞ்சு ரூபாய் திருப்பிக் கொடுத்தார்.