திண்ணையில் பேசியது

2018 ஏப்ரலில் அந்த ஆடியோ என் போனுக்கு வந்தது. கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் எனக்குத் தெரிந்த ஆட்களுக்கெல்லாம் அனுப்பியும் வைத்தேன். அனுப்பியது ஒரு தப்பு. அதை வைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் பேசியது அதைவிடப் பெரிய தப்பு. அந்தப் பேச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எந்த ஆடியோ என்று அருப்புக்கோட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்குள்ள தேவாங்கர் கலைக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திய உதவிப் பேராசிரியர் நிர்மலா தேவி, மாணவிகளிடம் போனில் பேசிய பேச்சு அது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மேலிடத்தில் இருக்கிறவர்களுக்கு இணங்கிப் போனால் மார்க்கும் பணமும் தேடி வரும் என்று ஆசை காட்டினார். பிள்ளைகள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பேச்சைப் பதிவு செய்தார்கள், புகாரும் கொடுத்தார்கள். ஏப்ரல் 16 அன்று அவர் கைதானார். வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. ஆளுநர் தன் பங்குக்கு, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி சந்தானத்தை விசாரிக்கச் சொன்னார். அந்த ஒரு மாதம் டிவிக்காரர்களின் வண்டி எங்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நின்றபடியே இருந்தது.

நான் வக்கீல் குமாஸ்தா. வாய்தா குறிப்பது, வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது, நகல் மனுப் போட்டுத் தீர்ப்பு நகல் வாங்குவது, இதுதான் என் பிழைப்பு. திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டு ஆட்கள் கண்மாய்த் தகராறு, வரப்புத் தகராறு, கருவேலம் வெட்டிய தகராறு என்று வந்தால் முதலில் என்னிடம்தான் உட்காருவார்கள். எந்தப் பிரிவில் எத்தனை வருசம் என்பது எனக்கு மனப்பாடம். அந்த அறிவை அன்றைக்கு எதற்குப் பயன்படுத்தினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஆடியோவை அனுப்பும்போதே ஒரு நண்பர் கேட்டார்: “அந்தப் பிள்ளைக குரலெல்லாம் இருக்கே, இதை அனுப்பலாமாண்ணே?” நான் யோசிக்கக்கூட இல்லை. பாதிக்கப்பட்ட பெண்ணை அடையாளம் காட்டக் கூடாது என்பது அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு. அது 376 வகையறாவுக்கு, அதாவது பாலியல் வன்கொடுமைக் குற்றங்களுக்கு மட்டும்தான். “இது 376 இல்லையே, தாராளமா அனுப்பலாம்” என்று பதில் போட்டேன். பிரிவைப் பொறுத்தவரை நான் சொன்னது சரிதான். அந்தச் சரியை வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளைகளின் குரலை ஊர் முழுக்க விட்டேன்.

228ஏ எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியாத கதை இல்லை. 1972இல் மகாராஷ்டிராவில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குள் மதுரா என்ற ஆதிவாசிப் பெண்ணுக்குக் கொடுமை நடந்தது. உடம்பில் காயம் இல்லை, அவள் போராடியதற்கு அடையாளம் இல்லை என்று சொல்லி 1978இல் உச்ச நீதிமன்றம் அந்தப் போலீஸ்காரர்களை விடுவித்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் முதலான நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அதன் பலனாக 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. பெயரை வெளியிடக் கூடாது, விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தத் திருத்தத்தில் வந்தவை. வழக்கில் தோற்ற ஒரு பெண்ணால் மற்ற பெண்களுக்குக் கிடைத்த காப்பு அது. அதில் எங்கே சந்து இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற வேலையை நான் செய்தேன்.

அன்று சாயங்காலம் திண்ணையில் நாலைந்து பேர் கூடியிருந்தோம். போனில் சத்தத்தைக் கூட்டி வைத்து எல்லோரும் கேட்டோம். நிலைப்படிக்கு உள்பக்கம் என் தங்கை மகள் மல்லிகைப்பூக் கட்டிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு என் வீட்டில் வந்து இருந்தாள். எங்கள் ஊர் மல்லிகைக்கு அது சீசன். மடியில் கொட்டி வைத்த மொட்டை நாலு நாலாக எடுத்து நாரில் முடிந்துகொண்டிருந்தாள்.

நான் பேசியதை உள்ளபடியே எழுதுகிறேன். “வேணாம்னா பொசுக்குன்னு போனை வைக்க வேண்டியதுதானே? அதென்ன அம்புட்டு நேரம் கேட்டுக்கிட்டு இருந்துச்சுக?” சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அடுத்து, “எந்த ஊருப் பிள்ளைக, யாரு வீட்டுப் பிள்ளைகன்னு விசாரிச்சுப் பாருங்கப்பா” என்றேன். விசாரிக்கவும் செய்தார்கள். இந்தப் பிள்ளைதான், இல்லை அந்தப் பிள்ளைதான் என்று அந்த வாரம் முழுக்க ஊரில் பேர்கள் அடிபட்டன. சம்பந்தமே இல்லாத வீடுகள் எல்லாம் அதில் இழுபட்டன.

அவர்கள் போனைப் பொசுக்கென்று வைத்திருந்தால் வழக்கே இல்லை. ஒரு பேராசிரியர் சொல்கிறார், மாணவி இல்லை என்கிறாள் என்றால் ஊர் யாரை நம்பியிருக்கும்? பொறுமையாகக் கேட்டு, திரும்பத் திரும்ப மறுத்து, அத்தனையும் பதிவாகும்படி செய்ததால்தான் நீதிமன்றத்தில் வைக்க ஒரு சாட்சியம் இருந்தது. சட்டம் படித்த வக்கீலே அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பார். அந்த வயதில் அவர்களுக்கு அந்தத் தைரியமும் நிதானமும் இருந்தன. நான் அதையே குற்றமாக்கிப் பேசினேன்.

இதோடு முடியவில்லை. அடுத்த வாரம் தங்கை வந்தபோது, “காலேஜும் வேணாம், ஒண்ணும் வேணாம். கொஞ்ச நாள் மில்லுக்குப் போகட்டும், அப்புறம் மாப்பிள்ளை பாப்போம்” என்றேன். எங்கள் பக்கம் தாய்மாமன் சொன்னால் அது முடிவு. “அண்ணே சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று தங்கை ஒத்துக்கொண்டாள். பிள்ளையை யாரும் கேட்கவில்லை. அந்த வருசமே மில் வேனில் ஏறினாள். விடியுமுன் கிராமம் கிராமமாகச் சுற்றிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிற வேன்.

ஒரு வருசம் போல வேலை பார்த்துவிட்டு 2019இல் நின்றுவிட்டாள். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சு அடைக்கிறது என்றாள். நம்பினோம். நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்து, சளி ஒன்றும் இல்லையே என்றார். நான் விடாமல் மாத்திரை எழுதி வாங்கினேன். அவள் மறுக்காமல் தினமும் அதை விழுங்கினாள். வியாதி இல்லாத பிள்ளை, சொல்ல முடியாத ஒன்றுக்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை.

2024 ஏப்ரல் 30 அன்று நிர்மலா தேவி வழக்கில் தண்டனை அறிவித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருசம் சிறை கொடுத்தது. சேர்ந்து குற்றம் சாட்டப்பட்டிருந்த இரண்டு பேர் விடுதலையானார்கள். தண்டனையில் முக்கியமான பிரிவு 370, ஆள்கடத்தல். கடத்துவது என்றால் வேனில் ஏற்றித்தான் கடத்த வேண்டும் என்பதில்லை. அதிகாரத்தை வைத்தோ ஆசை காட்டியோ ஆள் பிடித்தாலே போதும் என்று 2013 திருத்தத்தில் அந்தப் பிரிவை விரித்திருந்தார்கள். மறுநாள் பேப்பரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தேன். “அந்தப் பிள்ளைக செஞ்சது பெரிய காரியம்” என்றும் சொன்னேன்.

தங்கை மகள் அப்போது அங்கே இருந்தாள். “அன்னைக்கு நீங்க இப்படிப் பேசலையே மாமா” என்றாள்.

அதன்பிறகு அவள் சொன்னதை முழுதாக எழுதுவது எனக்கு உரிமையில்லாத வேலை. நைட் ஷிப்டில் ஒரு மேஸ்திரி கை வைத்தான், ஒரு தடவை அல்ல. கத்தினால் மிசின் சத்தத்தில் கேட்காது. வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்று யோசித்திருக்கிறாள். சட்டம் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். “ஒங்ககிட்டச் சொல்லத்தான் வந்தேன் மாமா. வாசல்ல நிக்கிறப்பவே, ‘நீ ஏன் முதத் தடவையே வேலையை விட்டு நிக்கலை’ன்னு கேப்பீங்கன்னு தோணுச்சு. திரும்பிப் போயிட்டேன்.” நான் கேட்டிருப்பேன். அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன்.

அவளுக்குக் கொடுமை செய்தவன் அந்த மேஸ்திரி. அந்தப் பழியை நான் எடுத்துக்கொண்டு அவனை விடுவிக்கப் போவதில்லை. அவள் வாயை அடைத்தது நான். இந்த ஐந்து வருசத்தில் அவளுக்கு எந்தெந்தக் கதவுகள் அடைபட்டன என்று கணக்குப் பார்க்கவும் எனக்குத் தெரியும். தொழில் அது.

வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு 2013 சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதில் புகார் கொடுக்க மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம். அது போயிற்று. பாலியல் தொல்லைக்கான 354ஏ பிரிவில் அதிகபட்சம் மூன்று வருசச் சிறை. அந்த அளவுத் தண்டனைக்கு நீதிமன்றம் வழக்கை எடுக்க மூன்று வருசம்தான் கெடு. அதுவும் போயிற்று. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிப்பது என்கிற 354 மட்டும் மிச்சம். அதில் ஐந்து வருசம் வரை தண்டனை உண்டு என்பதால் காலக்கெடு கிடையாது. 2024 ஜூலையில் புதுச் சட்டங்கள் வந்தாலும், முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய பிரிவுதான்.

கெடு இல்லை என்பதற்காகத் தாமதம் ஒன்றும் செய்யாது என்று அர்த்தமில்லை. எதிர்த்தரப்புக்குக் கிடைக்கிற முதல் ஆயுதமே அதுதான். குறுக்கு விசாரணைக்கு வக்கீல்கள் தயார் பண்ணும் கேள்விகளை நான் எத்தனையோ தடவை டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். சம்பவம் நடந்த அன்றே ஏன் சொல்லவில்லை? அடுத்த நாளும் ஏன் வேலைக்குப் போனாய்? அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையா? குடும்ப மானத்துக்குப் பயந்து தாமதமாவது இயல்பு, அதை வைத்தே பெண்ணைப் பொய்யாக்கக் கூடாது என்று குர்மித் சிங் வழக்கில் 1996லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேள்வி கேட்பது நிற்கவில்லை. கூண்டில் நிற்கிற பெண் ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்து பதில் சொல்லியே ஆக வேண்டும். என் வீட்டுப் பிள்ளை கூண்டில் ஏறினால் அவள் சொல்ல வேண்டிய உண்மையான பதில், “எங்க மாமா திண்ணையில பேசினதைக் கேட்டேன், அதனால சொல்லலை” என்பதுதான்.

பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் அரசாணையிலேயே வெளியானது. 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. அதற்கும் 25 லட்சம் இடைக்கால நிவாரணம் கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெயர் வெளிவந்தால் அடுத்த பெண் புகார் கொடுக்க வரமாட்டாள் என்பது நீதிமன்றத்துக்குத் தெரிந்திருக்கிறது. பொள்ளாச்சியில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று 2025 மே 13 அன்று தீர்ப்பு வந்தபோது நான் முதலில் நினைத்தது, சாட்சி சொல்லக் கடைசிவரை நின்ற பெண்களைத்தான். அவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் என்னைப்போல் பேசாமல் இருந்திருக்க வேண்டும்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதை விடுங்க மாமா, கேஸ் போட்டா என்ன நடக்கும், அதைச் சொல்லுங்க” என்றாள். சொன்னேன். வாக்குமூலத்தைப் பெண் போலீஸோ வேறொரு பெண் அதிகாரியோதான் எழுத வேண்டும். விசாரிக்கிறோம் என்று அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது, அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும். பெண் என்ற ஒன்றே போதும், வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைக்கும். இங்கிருந்து பஸ் மாறி மாறிக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும், வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலி போகும், வருசக்கணக்காகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். நிர்மலா தேவி வழக்குக்கே ஆறு வருசம் ஆயிற்று.

அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். அந்தத் திண்ணை ஆட்களிடம், அன்றைக்குப் பேசியது தப்பு என்று நான் சொல்ல வேண்டும்.

சொன்னேன். ஒருவர் ஆமாம் என்றார். இன்னொருவர் இத்தனை வருசம் கழித்து எதற்கு என்றார். மூன்றாமவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏண்ணே, ஒங்க வீட்டுல எதுவும் பிரச்சினையா?” என்று கேட்டார். அவர் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஆர்வம். 2018இல் என் கண்ணில் இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அது பொய்தான், அதைச் சொன்னதற்கு வருத்தமில்லை.

எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அடையாளம் தெரிகிற மாதிரி இருந்த சில வரிகளை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். புகார் கொடுப்பதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. பெண் வக்கீல் ஒருவரின் நம்பரை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவரிடம் பேசப் போகும்போது நான் கூட வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.