மீன் பிறகு வரட்டும்

சுபாங் ஜெயாவில் பவளத்தொட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: "பக்கத்துலதான கிள்ளான் போர்ட்டு இருக்கு அண்ணே, ரெண்டு தோங் தண்ணி மொண்டுட்டு வந்தா ஆகாதா?"

ஆகாது. கோலாலம்பூரைக் கழுவிக்கொண்டு வரும் கிள்ளான் ஆறு கடலில் சேருகிற இடம் அது. சேறும் ஆற்றுநீரும் கப்பல் எண்ணெயும் கலந்த தண்ணீர். பெருமழைக்கு மறுநாள் உப்பு குறையும், வெயில் வாரத்தில் கூடும். பூலாவ் கெத்தாம் நண்டுக்கு அது சரி, பவளத்துக்குச் சரிவராது. பவளம் கேட்பது மாறாத தண்ணீர். ஒரு கிலோ நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு, 25-லிருந்து 27 டிகிரி வெப்பம், 8-க்குச் சற்று மேலான பி.எச். இன்று இருப்பதுபோலவே அடுத்த மாதமும் இருக்க வேண்டும்.

இதில் புதிதாக இறங்குகிறவர்கள் வரும் வழி பலவிதம். 2003-இல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்தது. அதே ஆண்டுதான் கே.எல்.சி.சி.யில் அக்குவாரியா திறந்தார்கள். அன்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் இப்போது சொந்தச் சம்பளத்தில் தொட்டி வாங்குகிறார்கள். ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் ஸ்நோர்கல் போட்டுவிட்டு வந்த மயக்கம் சிலருக்கு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது ஆசை முளைத்தவர்களும் உண்டு. எல்லாரும் மீனைப் பார்த்துத்தான் வருகிறார்கள். அவர்களில் நிலைத்து நிற்பவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தால், மீன்மேல் இருந்த ஆர்வம் தண்ணீர்மேல் திரும்பியவர்கள் மட்டும்தான்.

உப்பிலிருந்து தொடங்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. அது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கடலில் அதோடு மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் ஒரு கணக்கில் கலந்திருக்கின்றன. கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமை ஒட்டி, மக்னீசியம் 1,300-ஐ ஒட்டி. கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான் பவளம் தன் எலும்பைக் கட்டுகிறது. கடைகளில் வாளியில் விற்கும் கடலுப்புக் கலவை இந்தக் கணக்குப்படி செய்தது. 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள மூன்றடித் தொட்டி விளிம்புவரை 182 லிட்டர் பிடிக்கும். அதற்கு ஆறு கிலோவுக்கு மேல் உப்பு போகும்.

குழாய்த் தண்ணீரில் இதைக் கலக்கக் கூடாது. ஆயர் சிலாங்கூர் தருவது மனிதர் குடிப்பதற்காகக் குளோரின் போட்ட தண்ணீர். அதில் கரைந்திருக்கக்கூடிய நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நமக்கு ஒன்றும் செய்யாது, தொட்டியில் பாசிக்கு விருந்தாகும். ஆர்.ஓ. வடிகட்டி, அதன் பின்னால் மிச்சத்தையும் பிடிக்கும் டி.ஐ. குடுவை, கடைசியில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம். இதற்கெல்லாம் காசு ஒதுக்காமல் நேராக விளக்கு வாங்கப் போகிறவரைப் பார்த்தால் எனக்குக் கை பதறும். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் மாசுபட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றுபோனது கிள்ளான் பள்ளத்தாக்கில் யாருக்கும் மறந்திருக்காது. எனக்குத் தெரிந்த பழைய ஆட்கள் வீட்டிலெல்லாம் உப்புக் கலக்காத ஆர்.ஓ. தண்ணீர் ஒரு தோங் எப்போதும் மூடி வைத்திருக்கும்.

அந்தத் தோங் எதற்கு என்றால், தொட்டியில் நீர் குறைந்தால் ஊற்ற வேண்டியது அதைத்தான். உப்புத்தண்ணீரை ஊற்றக் கூடாது. ஆவியாகிப் போவது நீர் மட்டும். உப்பு உள்ளேயே நிற்கும். விசிறி வைத்த 180 லிட்டர் தொட்டியில் நாளுக்கு மூன்று லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு ஈப்போவில் மாமியார் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் 21 லிட்டர் குறைந்திருக்கும். 35-ஆக விட்டுப்போன உப்பு 39-ஐத் தாண்டியிருக்கும். மட்டம் இறங்கினால் தானாக நீர் விடும் சின்ன மோட்டார் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவி கொடுத்துப் போவதைவிட அது மேல். பையன் தண்ணீர் ஊற்ற மறந்துவிடுவான், தீனி போட மட்டும் மறக்கவே மாட்டான்.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். இதற்குப் பிறகுதான் நம் ஊர்ப் பாடம் தனியாகப் பிரிகிறது.

கையில் கிடைக்கும் புத்தகங்களும் காணொளிகளும் பெரும்பாலும் குளிர்நாடுகளில் செய்தவை. அவர்கள் பட்டியலில் ஹீட்டர் முதல் பக்கத்திலேயே இருக்கும். சுபாங் ஜெயாவில் ஹீட்டருக்கு என்ன வேலை? மேற்குப் பார்த்த வரவேற்பறையில் பிற்பகல் மூன்று மணிக்குக் காற்றே 31, 32 டிகிரி. பம்பும் விளக்கும் தங்கள் பங்குக்கு ஒன்றிரண்டு டிகிரி ஏற்றும். பவளத்தின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு உணவு செய்து பவளத்துக்கு ஊட்டுவது அதுதான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது வாரக்கணக்கில் நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 2010-இல் அப்படி வெளுத்தபோது ரெடாங், தியோமான் பகுதிகளில் பல முக்குளிப்பு இடங்களை அரசாங்கம் கொஞ்ச காலம் மூடி வைத்தது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு நடக்கிறதென்று அறிவித்தார்கள். தென்சீனக் கடலே தாங்காத சூட்டை 180 லிட்டர் எப்படித் தாங்கும்?

நீர்மட்டத்தின்மேல் விசிறி வைத்தால் இரண்டு டிகிரிவரை இறங்கும். ஆனால் நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும். மழைநாளில் விசிறி சும்மா சுற்றும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி. சிறியதற்கே ஆயிரம் வெள்ளியை ஒட்டிக் கேட்பார்கள், தெனாகா பில்லும் ஏறும். இதைச் சொன்னதும் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். சில்லர் வாங்க முடியாதவர் நன்னீர்த் தொட்டி வைப்பதில் குறைவொன்றும் இல்லை.

வெயில் மட்டுமல்ல, இடியும் நமக்குக் கூடுதல். மாலை இடிமழையில் சுவிட்ச் ட்ரிப் ஆகிவிடும், வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் நீரோட்டம் நின்ற வெப்பநாட்டுத் தொட்டிக்கு அவகாசம் கொஞ்சம்தான். கரண்டு போனதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரிக் காற்றுப்பம்பு மலிவு. முதல் நாளே வாங்க வேண்டிய பொருள். குளிர்நாட்டுப் புத்தகம் எதிலும் நான் பார்க்காத இன்னொன்று, டெங்கிப் புகை. தாமானில் புகையடிக்க வரும் அன்று ஜன்னலைச் சாத்தி, தொட்டியை மூடி, காற்றுப்பம்பை நிறுத்திவிட வேண்டும். கொசுவுக்கு அடிக்கும் பைரெத்ராய்டு மருந்து இறாலையும் மீனையும் கொசுவைவிட மெதுவாகக் கொல்லும் என்று நினைக்காதீர்கள். வீட்டில் அடிக்கும் கொசு ஸ்பிரேயும் அப்படித்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று. இந்தக் கலையின் விதை குளிர்நாட்டில் விழவில்லை. 1961-இல் அமெரிக்காவின் 'டிராப்பிக்கல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்' இதழில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் தன் முறையை எழுதினார். கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறை, வெயில், மெல்லிய காற்றுக்குமிழி. தனியாக வடிகட்டி கிடையாது. பாறையில் வாழும் நுண்ணுயிரே வடிகட்டி. பின்னாளில் ஜெர்மானியர்கள் அதே உயிர்ப்பாறையோடு, கழிவை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரைச் சேர்த்துக்கொண்டார்கள். உலகம் அதைப் பெர்லின் முறை என்கிறது. பாதிப் பெருமை ஜகார்த்தாவுக்குப் போயிருக்க வேண்டும்.

அந்த நுண்ணுயிர்தான் தொடக்கக்காரர் வளர்க்கும் முதல் உயிர். பாறையை அடுக்கி, பம்பை ஓடவிட்டு, ஒரு துண்டு இறாலோ சில துளி அம்மோனியாவோ போட்டால் வேலை தொடங்கும். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது அளவோடு இருந்தால் பாதகமில்லை. சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யமாக நான்கு வாரம், ஆறு வாரம் ஆகலாம். தோசைமாவு புளிக்கிறதுபோல, அதற்கு அதன் நேரம். 2005-இல் ஆய்வாளர்கள் அம்மோனியாவை உண்டு வாழும் நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்ற ஆர்க்கியா வகை நுண்ணுயிரை முதன்முதலாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார்கள். அது கிடைத்தது அமெரிக்காவின் சியாட்டில் அக்குவாரியத்துத் தொட்டி ஒன்றில். அதன் இனத்தார் உலகக் கடல்களெங்கும் கோடானுகோடியாக இருக்கிறார்கள்.

இந்த நைட்ரஜன் சுழற்சி முடிந்ததும் அழகு வரும் என்று எதிர்பார்த்தால் வருவது பழுப்பு. டயாட்டம் என்னும் பழுப்புப் படலம் மணலையும் பாறையையும் மூடும். அது விலகினால் பச்சை நூல்பாசி, அதன் பின்னால் சிவப்புக் கோழை. புதுப் பாறையில் காலியாகக் கிடக்கும் இடத்தை யார் பிடிப்பது என்று நடக்கும் போட்டி இது. நத்தைகள் சில விட்டு, விளக்கு நேரத்தைக் குறைத்து, வாரம் பத்து சதவீதத் தண்ணீரை மாற்றிக்கொண்டு இருந்தால் மாதங்களில் அடங்கும். மருந்து ஊற்றி அடக்கப் பார்க்கிறவர்கள் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவார்கள். இந்தக் காலத்தில்தான் வீட்டில் பேச்சு கிளம்பும். "மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குப்பா இவ்ளோ கரண்டு பில்லு?" என்று எங்கள் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. "இருக்கும்மா, கண்ணுக்குத் தெரியல" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனார்.

உண்மையில் எனக்குப் பிடித்த காலம் அதுதான். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்புத்தாள் சுற்றிய டார்ச்சோடு உட்கார்ந்தால், பகலில் வெறும் கல்லாக இருந்தது நகரும். அரிசிமணியைவிடச் சிறிய இறாலினங்கள் கண்ணாடியில் ஓடும். மயிர்ப்புழு துளையிலிருந்து பாதி உடலை நீட்டும். ஒரு விசிறிப்புழு, யாரும் வாங்கிவிடாதது, பாறையோடு வந்தது, இறகை விரித்து மூடும். இதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார முடிகிறவர் தொட்டியை விற்க மாட்டார். 2018-இல் இந்தோனேசியா பவளத்தையும் உயிர்ப்பாறையையும் ஏற்றுமதி செய்வதை நிறுத்திய பிறகு இப்படி நிறைந்த பாறை கிடைப்பது அரிதாகிவிட்டது. காய்ந்த பாறையில்தான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். பழைய தொட்டிக்காரர் ஒருவரிடம் கையளவு பாறைத்துண்டு கேட்டு வாங்கி உள்ளே வைத்தால் இந்த உயிரெல்லாம் அதிலிருந்து பரவும். கேட்டால் யாரும் இல்லை என்பதில்லை.

மீன் என்றால் தொட்டியில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி. எல்லாம் ஆணாகவே வளர்ந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும் இனம். சிறிதும் பெரிதுமாக இரண்டு வாங்கினால் ஜோடி சேரும். கடல்சாமந்தி வேண்டாம், கோமாளிக்கு அது இல்லாமலும் குறையில்லை. நீல நிற டோரியும் வேண்டாம். அது ஓரடிவரை வளரும், மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. பவளத்தில் மெத்தென்ற வகைகள்: காளான் பவளம், தோல் பவளம், ஸோவாந்திட். ஸோவாந்திடைத் தொடும்போது கையுறை போடுங்கள், அது ஒட்டிய கல்லை ஒருபோதும் வெந்நீரில் போடாதீர்கள். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, ஆவியிலேயே ஆளைச் சாய்க்கும்.

கடலிலிருந்து எடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மண்டபம் பக்கமிருந்து உறவினர் யாராவது வந்தால் தொட்டியைப் பார்த்து வாய்பிளப்பார்கள். ஏனென்றால் இந்தியாவில் பாறை கட்டும் பவளங்களை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு உள்ள அதே காவல். ஒரு காலத்தில் முருகைக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்குச் சுட்ட மன்னார் வளைகுடாவில், 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதே மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். நம் நாட்டில் பவளம் வளர்க்கலாம், ஆனால் ரெடாங்கும் தியோமானும் கடல் பூங்காக்கள். அங்கே ஒரு கிளைகூட ஒடிக்க உரிமை இல்லை. தேவையும் இல்லை. ஒரு தொட்டியில் வளர்ந்த பவளத்தை வெட்டிச் சின்னக் கட்டையில் ஒட்டினால் அடுத்த தொட்டிக்கு அதுவே நாற்று. தொட்டிச் சூழலுக்குப் பழகியது, விலையும் குறைவு.

தொடங்கும் எண்ணம் இருந்தால் இந்த வாரம் கடைக்குப் போகாதீர்கள். தொட்டி வைக்க நினைக்கும் மூலையில் ஒரு வாளி தண்ணீர் வைத்து, அதில் ஒரு வெப்பமானியைப் போடுங்கள். காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஏழு நாள் குறித்துவையுங்கள். 28-ஐத் தாண்டினால் பட்டியலின் முதல் வரியில் சில்லரை எழுதுங்கள், மீனைக் கடைசி வரியில்.