குப்பர்டினோ வழியாக பெர்க்லிக்கு

கலிஃபோர்னியாவின் குப்பர்டினோ நகரில், ஸ்டீவன்ஸ் க்ரீக் சாலையை ஒட்டி இருக்கிறது டி ஆன்சா என்ற சமுதாயக் கல்லூரி (கம்யூனிட்டி காலேஜ்). 1984 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக்கின்டாஷ் கணினியை உலகுக்குக் காட்டியது இந்த வளாகத்தில்தான். கோவையிலிருந்து வந்து இங்கே படிக்கும் அக்கா மகனோடு ஒரு காலை முழுக்கச் சுற்றினேன்.

"கம்யூனிட்டி காலேஜா? மார்க் இல்லாதவங்க சேர்ற இடமாச்சே" என்று ஊரில் அக்காவிடம் கேட்காதவர்கள் இல்லை. அது விவரம் தெரியாத பேச்சு. 1960-இல் கலிஃபோர்னியா ஓர் உயர்கல்வித் திட்டம் வகுத்தது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், எல்லோருக்கும் திறந்த கதவாகச் சமுதாயக் கல்லூரிகள். இரண்டு ஆண்டு இங்கே படித்து, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்குள் போகலாம் என்ற வழியும் அதிலேயே இருந்தது. யூசியின் பெர்க்லி வளாகத்தில் முடிப்பவர் வாங்குவது பெர்க்லி பட்டம். முதல் இரண்டு ஆண்டு எங்கே படித்தார் என்பதால் அதன் மதிப்பு குறைவதில்லை.

ஆலோசகர் அறையில் 'அசிஸ்ட்' என்ற இணையதளத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம். வலப்பக்கம் அதற்கு ஈடாக டி ஆன்சாவில் படிக்க வேண்டிய பாடம். சில வரிகளில் ஈடான பாடமே இல்லை என்று இருந்தது. யூசிக்கு மாற 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும். அதை எந்தப் பாடங்களால் நிரப்புவது என்பதை மாணவர்தான் முடிவு செய்கிறார். ஆலோசகர் வழி சொல்வார், அட்டவணை போட்டுத் தர மாட்டார். அக்கா மகன் கணினி அறிவியல் என்று வந்தவன். பொதுக்கல்விக்காக எடுத்த ஒரு பொருளாதாரப் பாடம் பிடித்துப்போய், அதையே முதன்மைப் பாடமாக்கிக்கொண்டான். நம் ஊரில் சேர்ந்த பிறகு இப்படி மாறுவது எவ்வளவு கடினம் என்று நினைத்துக்கொண்டேன். பதினேழு வயதில் எடுத்த முடிவைத் திருத்த இடம் தருவதுதான் இந்த முறையில் நான் பெரிதாக மதிப்பது.

அந்தச் சுதந்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் கோடை தவிர ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 12 யூனிட் படித்தாக வேண்டும். பாடம் கடினமாகிவிட்டால் உள்ளூர் மாணவர் விலகலைக் குறிக்கும் 'டபிள்யூ' வாங்கிக்கொண்டு விலகிவிடலாம். வெளிநாட்டு மாணவர் அப்படி விலகி 12-க்குக் கீழே போக நேர்ந்தால், சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதியை முன்பே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் விசா நிலையே ஆட்டம் கண்டுவிடும். பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விதி இது.

நடைபாதையில் ஒரு பேராசிரியரின் அறை திறந்திருந்தது. மாணவர்கள் நேரில் வந்து சந்தேகம் கேட்க ஒதுக்கிய 'ஆபீஸ் ஹவர்ஸ்' நேரம். வாசலில் இரண்டு பேர் நின்றார்கள்.

"நீ போவியாடா?"

"முதல்ல பயமா இருந்துச்சு மாமா. சந்தேகம்னு போய் நின்னா முட்டாள்னு நினைப்பாரோன்னு. இப்ப வாரா வாரம் போறேன்."

நம் பிள்ளைகள் பலர் இந்தத் தயக்கத்திலேயே பருவத்தைக் கழித்துவிடுகிறார்கள். வீட்டுப்பாடம், இடைத்தேர்வு, இறுதித்தேர்வு எல்லாமே மதிப்பெண்ணில் சேர்வதால், மூன்றாம் வாரத்தில் தீராத சந்தேகம் கடைசிவரை மதிப்பெண்ணைத் தின்னும். பரிந்துரைக் கடிதம் கேட்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, முகம் தெரியாத ஆசிரியர் என்ன எழுதித் தருவார்?

சமுதாயக் கல்லூரியிலிருந்து மாறுபவர்களுக்கு யூசியின் ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுதித் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ அந்தப் பட்டியலில் இல்லை. கணினி அறிவியல் போல நெருக்கடி மிகுந்த பிரிவுகளுக்கு எல்லா இடத்திலும் இது கிடைக்காது. இவன் அந்த ஆறில் ஒன்றான டேவிஸில் உறுதி வாங்கிக்கொண்டு, பெர்க்லிக்கும் விண்ணப்பிக்கப்போகிறான். யூசிக்கு மாற இரண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடங்கள் கட்டாயம். இரண்டாவதை இன்னும் எடுக்கவில்லை. அடுத்த பருவத்துக்கு முதலில் அதைப் பதிவு செய்யச் சொன்னேன்.