காற்று எங்கே நிற்கிறது

மைசூரு பன்னிமண்டபம் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கார் ஏசி ஷெட். அதை நடத்தும் அண்ணன் சேலம் பக்கத்துக்காரர். தொழில் கற்றதும் குடும்பமானதும் இங்கேதான். கார் உள்ளே வந்தவுடன் அவர் கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜை எடுப்பதில்லை. டிரைவரை இறங்கச் சொல்லிவிட்டுத் தான் அந்த இருக்கையில் உட்கார்ந்து, ப்ளோயர் குமிழை ஒன்றிலிருந்து நான்குவரை மெதுவாகத் திருப்புகிறார். ஒவ்வொரு எண்ணிலும் நிறுத்திச் சத்தத்தைக் கேட்கிறார். பிறகு டேஷ்போர்டின் ஒவ்வொரு துவாரத்தின் முன்னும் புறங்கையை நீட்டிப் பார்க்கிறார்.

நான் போயிருந்தபோது வந்தது ஒரு டாக்சி. சத்தியமங்கலம் வழியாக ஈரோட்டுப் பக்கம் சவாரி போகும் வண்டி. மைசூரு ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். வருடத்தில் பல மாதங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டிவிடலாம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிப் பண்ணாரியைத் தாண்டும்போதுதான் ஏசியில் காற்று மெலிந்திருப்பது தெரியவரும். “கேஸ் ஹாக்பிடி அண்ணா” என்றார் டிரைவர். கேஸ் போட்டு அனுப்பிவிடச் சொல்கிறார். ஏசியில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் வாயில் வருவது இதுதான்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “கேஸ் குறைஞ்சா குளிர் போகும் ஸார். காத்து ஏன் போகணும்? காத்தை ஊதுறது மோட்டார்ல?”

இந்த வேலையின் பாதி, காதில் இருக்கிறது. மோட்டார் பலமாக இரைந்தும் காற்று மெலிந்து வந்தால் வழியில் அடைப்பு. இரைச்சலே மெலிந்திருந்தால் மோட்டாரையும் ஒயரையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கத் துவாரத்தில் மட்டும் வரவில்லையென்றால் உள்ளே காற்றைத் திருப்பிவிடும் மடல் மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது குழாய் கழன்றிருக்கிறது. முதல் மூன்று எண்களில் ஊமையாகக் கிடந்து நான்காவதில் மட்டும் ஊதினால், மோட்டார் வேகத்தைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டர் போய்விட்டது. கடைசி எண்ணில் மின்சாரம் அதன் வழியே போகாமல் நேராக மோட்டாருக்குப் போவதால் அது மட்டும் பிழைக்கிறது. ரெசிஸ்டர் இருக்கும் இடமே காற்று ஓடும் பாதைதான். அந்தக் காற்றுதான் அதன் சூட்டைத் தணிக்கிறது. பாதை அடைபட்டால் அது கருகும். அடைப்பை எடுக்காமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் கருகும். இதை அண்ணன் வலியுறுத்திச் சொன்னார்.

டாக்சியில் மோட்டார் நன்றாக இரைந்தது. உதவிக்கு இருக்கும் கொள்ளேகால் பையன் முன்பக்கப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த ஃபில்டரை உருவினான். சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை. அதன் மடிப்புகளுக்குள் நூற்றுக்கணக்கில் சிற்றிலைகள். மைசூரின் சாலைகளில் தூங்குமூஞ்சி மரமும் செம்மயிற்கொன்றையும் நிழல் விரிக்கின்றன. நாளெல்லாம் காத்துக் கிடக்கும் டிரைவர் நிழல் தேடித்தான் வண்டியை நிறுத்துவார். செம்மயிற்கொன்றையின் சிற்றிலை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். முன் கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்றை இழுக்கும் சந்து வழியாகத் தடையில்லாமல் இறங்கிவிடும்.

ஃபில்டர் இருப்பதே பாக்கியம். பழைய சின்னக் கார்கள் பலவற்றில் அது கிடையாது. தூசி நேராகக் கூலிங் காயிலில் போய் உட்காரும். ஏசி ஓடும்போது காயில் நனைந்திருப்பதால் அது அங்கேயே படிந்து கம்பளமாகிவிடும். 1939இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் கார் ஏசியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அந்தக் காயில் பின்னால் டிக்கியில் இருந்தது. இப்போது அது டேஷ்போர்டின் அடி ஆழத்தில். பல மாடல்களில் அதை வெளியே எடுக்க ஸ்டீயரிங்கைக் கழற்றி, டேஷ்போர்டையே இறக்க வேண்டும். பையன் டேஷ்போர்டுக்குக் கீழே தலையும் சீட்டின் மேல் காலுமாக மல்லாந்து கிடந்து திருகுகளைக் கழற்றுவான். எலிப் புழுக்கையும் பூஞ்சையும் முகத்தில் கொட்டும். மூக்குக்கு ஒரு கைக்குட்டைதான் காவல். காயிலின் அலுமினியத் தகடுகள் விரலைக் கீறும். அவற்றை வளைக்காமல் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கவும் வேண்டும். குளிர்ந்த காரில் ஏறி உட்காரும் யாருக்கும் இந்தக் கழுத்துவலி தெரியாது. அது எனக்கு வருத்தமாக இருந்தது.

கேஸுக்கும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. புறப்படும்போது நன்றாக ஊதி, அரை மணி ஓடியதும் காற்று நின்றுபோகிற வண்டிகள் உண்டு. கேஸ் குறைந்தால் காயிலுக்குள் அழுத்தம் இறங்கும். அதோடு வெப்பநிலையும் உறைநிலைக்குக் கீழே இறங்கலாம். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் ஐஸாகப் படிந்து வழியை மூடும். கம்ப்ரசரை உரிய நேரத்தில் நிறுத்தும் சென்சார் பழுதானாலும் இதே கதை. ஏசியை அணைத்துச் சற்று நேரம் விட்டால் காற்று திரும்பி வரும். அதை வைத்தே கண்டுகொள்ளலாம். அப்போதும் கேஸ் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் நிரப்புவது வைத்தியமாகாது. பல கார்களில் இருக்கும் ஆர்134ஏ, கரியமில வாயுவைவிட 1,430 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. இவ்வகை வாயுக்களைக் குறைக்கும் 2016ஆம் ஆண்டின் கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021இல் ஏற்றது. நம் குறைப்பு 2032இல்தான் தொடங்குகிறது. அதுவரை ஒழுகலைத் தேடும் பொறுப்பு இந்த ஷெட்டுகளின் கையில்தான் இருக்கிறது.

புது ஃபில்டர் போட்டதும் டாக்சியில் காற்று பாய்ந்து வந்தது. டிரைவருக்கு இன்னும் சந்தேகம். அண்ணன் கேஜை மாட்டி இரண்டு முள்ளையும் காட்டினார். அளவு சரியாக இருந்தது. கேஸ் போடவில்லை. ஃபில்டர் விலையோடு சிறிய கூலி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு கேஸ் நிரப்பியிருந்தால் இதைவிட அதிகம் கிடைத்திருக்கும். கோளாறைக் கண்டுபிடிப்பதற்கென்று ஏன் தனியாகக் காசு வாங்குவதில்லை என்று கேட்டேன். வாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

“எழுதிப் போட்டுப் பாத்தேன் ஸார். பாத்ததுக்கு என்ன காசுன்னு கேட்டுட்டு அடுத்த கடைக்குப் போறாங்க. அங்க கேஸைப் போட்டு அனுப்பிடுறாங்க. கொஞ்ச நாள்ல திரும்ப இங்கதான் வர்றாங்க, ரெசிஸ்டரும் கருகிப்போய்.”

டாக்சிக்காரரிடம் கன்னடத்துக்கு மாறி, கண்ணாடிக்குக் கீழே சேரும் இலையை வாரம் ஒருமுறை அள்ளிப் போடச் சொன்னார்.