வெலிமடையில் ஒரு கிதாபு அலுமாரி



நுவரெலியாவிலிருந்து பதுளை வீதியில் ஹக்கலையைக் கடந்து இறங்க இறங்கக் குளிர் சற்றுத் தணியும். இருபுறமும் உருளைக்கிழங்கு, கோவா, லீக்ஸ் பாத்திகள். கெப்பெட்டிபொலவைத் தாண்டினால் வெலிமடை. அங்கே என் பழைய மாணவர் ஒருவர் கட்டிய புதுவீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன்.

"ஹஸரத், ஹோலுக்கு ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்கப் போறேன். நீங்களும் வாங்க" என்றார். புத்தகத் தட்டில் வைக்கும் சிறிய வகை. சோபாவின் நிறத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதே அவர் கவலை. அலுமாரியின் நடுத்தட்டு அதற்காகவே காலியாக இருந்தது. அங்கிருந்த வாப்பாவின் கிதாபுகள் பெட்டியில் கட்டப்பட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்தன.

மூலையில் அவருடைய உம்மா பழைய வானொலியைக் காதோடு அணைத்திருந்தார். கொழும்பில் 1925 டிசம்பர் 16இல் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. பின்னாளில் வந்த முஸ்லிம் சேவையின் அதானைக் கேட்டு நோன்பு திறந்த வீடுகள் இம்மலைநாட்டில் ஏராளம்.

"சத்தம் கேக்குது ஹஸரத், சொல்லுத்தான் விளங்குதில்ல" என்றார் உம்மா.

கடையில் அதிரும் இசையைப் போட்டுக் காட்டினார்கள். நான் கைப்பேசியில் ஒரு காரியின் கிராஅத்தைப் போடச் சொன்னேன். பளபளப்பான பெரிய சோடியில் முழக்கம் இருந்தது. ஸீனும் ஸாதும் ஒன்றாய்க் குழம்பின. சாதாரண மரநிறச் சோடி ஒன்றில் ஒவ்வொரு மக்ரஜும் பிரிந்து கேட்டது. விலையும் குறைவு. அதையே வாங்கினோம்.

வாங்க நினைப்போர் சிலவற்றைக் கவனியுங்கள். பன்னிரண்டு அடி அறைக்கு ஐந்து அங்குலக் கூம்பு போதும். உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். பின்புறம் துவாரமுள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டினாலோ தட்டுக்குள் நெருக்கினாலோ கனத்த ஒலி பெருகிச் சொல்லை மூடிவிடும். வெறும் சீமெந்துத் தரையும் கண்ணாடி யன்னலும் ஒலியை எதிரொலிக்கும்; கம்பளமும் தடித்த திரையும் அதைக் குறைக்கும். ஈரச் சுவரருகே வைத்தால் அழுத்திய மரப்பலகை ஊதிவிடும்.

இவ்வளவும் சொன்னதும் மாணவர் யோசித்தார். தட்டுக்குப் பதிலாக இரண்டு சிறு முக்காலிகளில் ஸ்பீக்கர்களை வைத்தார். கிதாபுகள் தூசு தட்டப்பட்டு நடுத்தட்டுக்குத் திரும்பின.

மாலையில் சூரா யாஸீன் ஒலித்தது. நாங்கள் தேநீரோடு பேசிக்கொண்டிருந்தோம்.

"இப்ப விளங்குது. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க" என்றார் உம்மா.

எனக்கு வெட்கமாகிவிட்டது. குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாயிருக்க வேண்டும் என்ற கட்டளையை (7:204) வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்பேன்!

வாசகர்களே, வீட்டுக்கு அழகான கருவி வாங்குங்கள், தவறில்லை. கேட்கப் பொழுதில்லையென்றால் அதை நிறுத்திவிடுங்கள். அடுத்த வீட்டார் தூங்கும் நேரத்தில் சத்தத்தைக் குறையுங்கள். அல்லாஹ் நம் செவிகளை நல்லதைக் கேட்பவையாக ஆக்குவானாக! ஆமீன்.